ஹெட்லைட் மங்கலா? பல்பை மாற்றும் முன் வோல்ட்டேஜைப் பாருங்கள்

கேள்வி: என் பழைய காரில் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட்ஸ் பல்பு வாங்கிப் போட்டேன். இரண்டே வாரத்தில் ஹோல்டர் கருகிவிட்டது. ரிலே கிட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். நானே போடலாமா? எவ்வளவு தடிமன் ஒயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

பதில்: தாராளமாக நீங்களே போடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆனால் அந்த 100/90 பல்பைக் கழற்றிவிட்டுப் பழைய 60/55 பல்பையே திரும்பப் போடுங்கள். சாலையில் ஓட்ட அனுமதி உள்ள எச்4 (பிரைட், டிம் இரண்டும் ஒன்றிலேயே உள்ள வகை) பல்பு அதுதான். ஒயரில் உண்டாகும் சூடு கரன்ட்டின் இருமடியைப் பொறுத்தது. 60 வாட்ஸ் இருந்த இடத்தில் 100 வாட்ஸ் போட்டால், ஹோல்டர் முனையில் சூடு கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஏறும். ரிலே போட்டால் ஹோல்டர் ஒருவேளை தப்பிக்கும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் தப்பிக்காது. எதிரே வருபவரின் கண்ணும்தான்.

அப்படியானால் ரிலே எதற்கு? அது சிறு கரன்ட்டால் இயங்கி, பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் ஒரு சுவிட்ச். பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியில் கிளம்பும் கரன்ட், ஸ்டீயரிங் அருகே உள்ள சுவிட்ச் வரை போய்ச் சுற்றிவிட்டுத்தான் பல்புக்கு வருகிறது. மெல்லிய ஒயர், தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த் (பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) என்று வழி நெடுக வோல்ட்டேஜ் கரைகிறது. ஹாலஜன் பல்பு இதில் ரொம்பக் கறார். பேட்டரியில் 14 வோல்ட் இருந்து பல்புக்கு 12.4 தான் வந்து சேர்ந்தால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ரிலே போட்டபின் சுவிட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கும். கரன்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் வழியாக நேரே பல்புக்குப் போகும்.

கிட் வாங்கும் முன் ஒரு சோதனை. இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறு முனையை மாட்டியபடியே இருக்கும் ஹோல்டரின் பின்பக்கமாக, எரியும் பீமின் லைவ் முனையிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்ட்டேஜ். அப்புறம் பேட்டரி நெகட்டிவுக்கும் ஹோல்டரின் எர்த் முனைக்கும் இடையே அதையே செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் உங்களுக்கு ரிலே தேவையே இல்லை. எர்த் பக்கம் மட்டும் அதிகம் என்றால், பாடியில் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். இதிலேயே பாதி வண்டிகள் சரியாகிவிடும் என்பது என் அனுபவம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

லைவ் பக்கம்தான் இழப்பு என்றால் கிட் போடுங்கள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என 2 ரிலே. ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு வாருங்கள். 87-லிருந்து பல்புக்கு. 85, 86 ரிலேயை இயக்கும் காயிலின் முனைகள்: ஒன்று பழைய ஹோல்டரிலிருந்து வரும் லைவுக்கு, மற்றது எர்த்துக்கு. நடுவில் 87ஏ என்று ஐந்தாவது முனை இருந்தால் அதைத் தொடாதீர்கள். பல்பை அதில் கொடுத்தால், லைட்டை அணைத்தபின்தான் எரியும்!

பேட்டரியிலிருந்து ரிலேக்கு 2.5 ஸ்கொயர் எம்எம், பல்புக்கும் எர்த்துக்கும் குறைந்தது 1.5, காயிலுக்கு 0.75 போதும். 60/55 ஜோடிக்கு சுமார் 10 ஆம்பியர்தான் ஓடும் என்பதால், ரிலேக்கு ஒன்றாக 15 ஆம்பியர் ஃபியூஸ் 2 போடுங்கள். ஒரே ஃபியூஸில் இரண்டையும் கட்டினால், அது போன நிமிடம் நெடுஞ்சாலையில் முழு இருட்டு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். அதற்கு முன்னால் ஒயர் உரசி பாடியில் பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை.

மலிவு கிட்களில் ஒயர் பார்க்கத் தடியாக இருக்கும், உறையை உரித்தால் உள்ளே நாலைந்து இழைதான். ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் சுவிட்ச் பாசிட்டிவை விட்டுவிட்டு எர்த்தை மாற்றும். இரு பக்க ஹோல்டரையும் கழற்றிவிட்டு லைட்டைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து ஹோல்டரைச் சோதியுங்கள். டிம்-பிரைட் மாற்றும்போது 12 வோல்ட்டும் முனை மாறினால் சாதாரண ஒயரிங். ஒரே முனையில் அசையாமல் நின்றால் எர்த் சுவிட்சிங். அப்போது அந்த நிலையான லைவை 2 ரிலேயின் 86-க்கும் கொடுத்து, மற்ற 2 முனைகளைத் தனித்தனியாக 85-களுக்குக் கொடுங்கள். 85-ஐ பாடியில் எர்த் செய்யக்கூடாது. கம்ப்யூட்டர் வழியாக லைட் எரியும் புது வண்டிகள் வேறு கதை. சிலவற்றில் ரிலே படபடவென்று துடிக்கும், அங்கே இதைச் செய்யவேண்டாம்.

வேலையை பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஒயரை வெட்டவேண்டாம்: ஒரு பக்க ஹோல்டர் கிட்டில் செருகிக்கொள்ளும், மறு பக்க ஹோல்டரைத் தண்ணீர் போகாமல் டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். ரிலேயை முனைகள் கீழே பார்க்கும்படி பொருத்துங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்.

முடித்ததும் பிரைட்டில் 15 நிமிடம் எரியவிட்டு, ஒயரையும் ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலே அடியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. ஏதாவது ஓரிடம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கே லக் (ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை) சரியாக நசுக்கப்படவில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். முழு வோல்ட்டேஜ் கிடைப்பதால் பல்பு முன்பைவிடச் சீக்கிரம் ஃபியூஸ் போகலாம். டாஷ்போர்டில் ஒரு பல்பும் ஒரு ரிலேயும் போட்டு வையுங்கள்.