பதிவு இல்லாத இளைஞர் குழுவுக்குச் சிறு நிதி எங்கே கிடைக்கும்?

கேள்வி: மும்பையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காக மாலைப் படிப்பகமும் ஒரு சின்ன நூலகமும் நடத்துகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். சிலர் கல்லூரியில் படிக்கிறார்கள், சிலர் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எந்தப் பதிவும் இல்லை. முப்பதாயிரம், ஐம்பதாயிரம் அளவுக்கு யார் உதவுவார்கள்? எப்படிக் கேட்பது?

பதில்:

கொடுக்க ஆள் இருக்கிறது. வாங்கி வைக்கத்தான் உங்களிடம் இடம் இல்லை. யார் தருவார்கள் என்று தேடுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.

நான் மும்பை டிராம்பே பக்கத்துச் சீத்தா கேம்ப்காரன். இங்கே ஒரு படிப்பகத்தில் பல வருடமாக இருக்கிறேன். அதோடு செம்பூர், முலுண்ட், தானே பக்கத்துத் தமிழர்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் போடுகிறோம். சேரும் பத்தாயிரத்தை ஏதாவது ஒரு சின்ன வேலைக்குக் கொடுத்துவிடுவோம். வருகிற விண்ணப்பங்களைப் படிப்பது என் பொறுப்பு. யோசனை எங்களுடையது இல்லை. 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கிய ஆசம் ஃபவுண்டேஷன் இப்படித்தான் செய்கிறது. பத்துப் பேர், ஆளுக்கு நூறு டாலர், ஆயிரம் டாலர் ஒரே ஒரு திட்டத்துக்கு. கடனும் கிடையாது, பங்கும் கிடையாது. ஆகவே கீழே சொல்வதில் பாதி கேட்கிற பக்கம் நின்று பார்த்தது, பாதி கொடுக்கிற பக்கம் உட்கார்ந்து பார்த்தது.

முதலில் பணம் யார் கணக்கில் விழும் என்று பார்ப்போம். உங்களில் ஒருவருடைய சொந்தக் கணக்கில் வாங்கலாம். எங்களைப் போன்ற குழு கொடுக்கும் பத்தாயிரத்துக்கு அதுவே போதும். ஆனால் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் அவருடைய வருமானமாகிவிடும். பிள்ளைகளின் பெஞ்சுக்கு வந்த காசுக்கு உங்கள் நண்பர் தன் ரிட்டர்னில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வரியை விடுங்கள், குழுவுக்குள் வரும் பேச்சுதான் பெரிய தலைவலி. அவன் புது பைக் எடுத்த மாதமும் படிப்பகத்துக்குப் பணம் வந்த மாதமும் ஒன்றாக இருந்துவிட்டால் போதும், வாய்விட்டு யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிடுவார்கள்.

குழுவின் பெயரிலேயே கணக்குத் திறக்க வங்கி விதிகளில் இடம் உண்டு. பதிவில்லாத சங்கத்துக்கும் தீர்மானம், பான், பொறுப்பாளர்களின் ஆவணங்கள் வைத்துத் திறக்கலாம். கிளையில் போய்க் கேட்டால் பெரும்பாலும் “டீட் (பதிவுப் பத்திரம்) இருக்கா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். முயற்சி செய்யுங்கள், ஆனால் அதை நம்பி விண்ணப்பத்தில் தேதி போடாதீர்கள்.

நடைமுறையில் ஒத்துவருவது, ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஓர் அமைப்பின் குடைக்குள் போவது. உங்கள் சாலியை (வரிசை வீட்டுக் குடியிருப்பை)ச் சுற்றிப் பாருங்கள். பதிவு பெற்ற கணபதி மண்டல் இருக்கும், மகிளா மண்டல் இருக்கும், தமிழ்ச் சங்கம், கோயில், சர்ச், ஜமாத் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவர்களுடைய நோக்கங்களில் ‘கல்வி’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நன்கொடை அவர்கள் கணக்கில் வரும், ரசீது அவர்கள் கொடுப்பார்கள், வேலை நீங்கள் செய்வீர்கள். இதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தப் பணம் எந்த வேலைக்கு, அதில் அவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள், அசல் பில் யாரிடம் இருக்கும், நாளை நீங்கள் விலகினால் புத்தக அலமாரி யாருக்கு. இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். ஐந்து சதவீதம் எடுத்துக்கொண்டால் நியாயம். பத்து வரை பொறுக்கலாம், ஆடிட்டருக்கு அவர்களும் கொடுக்க வேண்டுமே. அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தலைவர் படத்தோடு பேனர் கட்டச் சொன்னால் கட்டலாம், அதில் எனக்கு வெட்கம் இல்லை. தேர்தல் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

“இதற்கு நாங்களே பதிவு செய்துவிடலாமே” என்று உங்களில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். முடியும். சங்கங்கள் பதிவுச் சட்டம் 1860-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். மகாராஷ்டிராவில் அதோடு 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் வர வேண்டும், அதற்கு ஒர்லியில் இருக்கும் சாரிட்டி கமிஷனர் அலுவலகம். பதிவு செய்வதுவரை எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். அதற்குப் பிறகு வருடா வருடம் தணிக்கை செய்த கணக்கு கொடுக்க வேண்டும். பொறுப்பாளர் மாறினால் 90 நாளுக்குள் சேஞ்ச் ரிப்போர்ட் போட வேண்டும். இளைஞர் குழுவில் செயலாளர் மாறாமல் இருப்பாரா? ஒருவருக்குக் கல்யாணமாகி கல்யாண் போய்விடுவார், இன்னொருவருக்குப் புனேயில் வேலை கிடைக்கும். சேஞ்ச் ரிப்போர்ட் போடாமல் கிடக்கும் சங்கத்தின் கையெழுத்தை வங்கியும் மாற்றாது. போனவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் செக் நகரும். இந்த நிலையில் முடங்கிப் போன குழுக்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வருடம் குடைக்குள்ளேயே ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் அதே ஏழு பேர் சனிக்கிழமை வந்து நின்றால் அப்போது பதிவைப் பற்றிப் பேசலாம்.

இதற்கு நடுவில் கணபதிக்கு வசூலிப்பதைப் போலக் கோலி கோலியாக, அதாவது வீடு வீடாகப் போய் வர்கணி (சந்தா) கேட்கலாம் என்று நினைப்பீர்கள். பதிவில்லாத மண்டல்கள்கூட அதற்கு 41சி பிரிவின் கீழ் சாரிட்டி கமிஷனரிடம் தற்காலிக அனுமதி வாங்கித்தான் பாவதி (ரசீது) புத்தகம் அடிக்க வேண்டும். தெரிந்தவர்களிடம் கேட்பது வேறு, தெருவில் இறங்கி வசூலிப்பது வேறு.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ஆசம் ஃபவுண்டேஷன் மாதிரி வெளியூர் நிதிகளுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆயிரம் டாலர் நம் ஊரில் நல்ல தொகை, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வெளிநாட்டு நன்கொடையை வாங்க 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்க மூன்று வருட வயதும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்த கணக்கும் காட்ட வேண்டும். முன்பெல்லாம் பதிவு உள்ள பெரிய நிறுவனங்கள் வாங்கி, பதிவு உள்ள சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. 2020 திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டது. வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. பெரிய இடத்தில் போட்ட பூட்டுதான், ஆனால் அடிபட்டது அடிமட்டத்தில் இருந்த சின்னக் குழுக்கள் என்பது என் வருத்தம்.

துபாயில் இருக்கும் மாமா அனுப்புவது? அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். பணம் வருவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

அப்புறம் விண்ணப்பம். எங்களுக்கு வருவதில் நிறையப் பேர் ‘சமூக மேம்பாடு’, ‘இளைஞர் எழுச்சி’ என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ‘செலவு: ரூ.50,000’ என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? எங்கள் குழுவில் ஒருவரும் மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொண்ட விண்ணப்பம் ஒன்று உண்டு. பத்தாவது படிக்கும் மாணவிகள் நோட்டுத் தாளில் பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. மேல் மாளாவில் (மாடி அறையில்) படிக்கிறோம், தகரக் கூரை, மதியம் மூன்று மணிக்குமேல் உட்கார முடியவில்லை, பிப்ரவரிக்குப் பிறகு எல்லாரும் கீழே போய்விடுகிறோம், மார்ச்சில் எஸ்எஸ்சி பரீட்சை என்று நாலு வரி. அதன் கீழே எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று, எல்ஈடி பட்டி மூன்று, கூரைக்கு அடியில் போட தெர்மாகோல் ஷீட், ஒயரிங் கூலி என்று வரி வரியாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடை விலை. ‘ஒயரிங் கூலி’க்கு எதிரே ஒரு கோடு, பக்கத்தில் ‘மும்தாஜ் அப்பா சும்மா செய்து தருவார்’. கரண்ட் பில் யார் கட்டுவார் என்பதையும் அவர்களே எழுதியிருந்தார்கள்: கீழ்வீட்டு அக்கா, மாதம் இருநூறு ரூபாய் எல்லாரும் சேர்ந்து கொடுப்போம். நாங்கள் கேட்பதற்கு ஒரு கேள்விகூட மிச்சம் இல்லை.

அந்தத் தாளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கோடு. உங்கள் பக்கத்திலிருந்து என்ன போடுகிறீர்கள் என்பது எழுத்தில் தெரிய வேண்டும், அது கூலி இல்லாத வேலையாக இருந்தாலும் சரி. எங்கள் சீத்தா கேம்ப்பே 1976-இல் ஜனதா காலனியை இடித்தபோது அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். அந்தக் காலனிக்காகப் போராடிய ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், 2000-இல் மகசேசே விருது வாங்கியவர். அவரோடு சேர்ந்து வேலை செய்த மகிளா மிலன் என்ற மகளிர் சேமிப்புக் குழுவின் பெண்கள் பைக்குல்லா நடைபாதையில் குடியிருந்தவர்கள். வீடு வீடாகப் போய் அன்றன்றைக்கு இருக்கும் சில்லறையைச் சேமிப்பாக வாங்கிக் கணக்கு வைத்தார்கள். வங்கியிடமும் அரசிடமும் பேசப் போனபோது அவர்கள் கையில் அந்தக் கணக்கு இருந்தது. உங்களிடமும் ஒரு நோட்டு இருக்கட்டும். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், யார் வெள்ளைப்பலகை மார்க்கர் வாங்கினார்கள் என்பதுகூட அதில் ஏறட்டும். கேட்கும்போது பழைய பக்கங்களின் போட்டோ இரண்டை இணைத்து அனுப்புங்கள்.

சம்பளம், வாடகை என்று மாதா மாதம் வரும் செலவைச் சிறு நிதியில் கேட்காதீர்கள். ஒரு தடவை கொடுத்துவிட்டு ஒதுங்கத்தான் கொடுக்கிறவர் நினைப்பார்.

இனி, உதவி கேட்கக்கூடிய ஆட்கள். ரோட்டரி, லயன்ஸ் கிளப்புகள் பொருளாகக் கொடுப்பதில் தாராளம், பணமாகக் கொடுப்பதில் நிதானம். பெஞ்சு, தண்ணீர் வடிகட்டி, புத்தகம் என்றால் அவர்களிடம் போங்கள். மத்திய அரசின் இளைஞர் அமைப்பான மை பாரத் 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கியது, 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு. நேரு யுவ கேந்திராவின் வேலையெல்லாம் இப்போது அந்தப் பெயரில்தான். பயிற்சி, முகாம், சான்றிதழ் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற மாட்டீர்கள். பணத்தைவிட ஆள்தான் குறைவு என்றால் பக்கத்துக் கல்லூரியின் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பொறுப்பாசிரியரைப் பாருங்கள். மாணவர்கள் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும், அவர்களும் இடம் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். நாடகம், பாட்டு, உள்ளூர் வரலாறு என்று கலைப்பக்கம் ஏதாவது செய்கிறீர்கள் என்றால் பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தனிநபர்களுக்கும் நிதி தருகிறது, தமிழிலேயே எழுதி அனுப்பலாம். எம்பி நிதியைப் பற்றி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அது கட்டடம் மாதிரி நிலைத்து நிற்கும் சொத்துக்கு, படிப்பகத்தின் அன்றாடச் செலவுக்கு வராது.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவழிக்கும் சிஎஸ்ஆர் பணம் கடைசியாகப் போக வேண்டிய இடம், ஆனால் நேரம் பார்த்துப் போனால் கிடைக்கும். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவழிக்க வேண்டும். பதிவில்லாத குழுவுக்கு நேராகக் கொடுக்க மாட்டார்கள். 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகள், சிஎஸ்ஆர் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்று வருட அனுபவம் எல்லாம் உள்ள அமைப்பு உங்கள் குடையாக இருக்க வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் சின்னத் திட்டங்களுக்கும் அங்கே காது கொடுப்பார்கள். பொங்கல் முடிந்த கையோடு போங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு இரண்டு கடையின் கொட்டேஷன் கையில் இருக்கட்டும். எங்கள் சீத்தா கேம்ப் இருக்கும் எம் ஈஸ்ட் என்ற மாநகராட்சி வார்டுப் பக்கம் என்றால் விலாசத்தைப் பெரிதாக எழுதுங்கள். 2009-இன் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடம் வாங்கிய வார்டு, அந்தப் பெயராவது உதவட்டும். சிஎஸ்ஆரில் வாங்கிய கம்ப்யூட்டரோ அலமாரியோ உங்கள் குழுவின் சொத்தாக எழுதப்படாது, குடை அமைப்பின் ஸ்டாக் புத்தகத்தில்தான் ஏறும். அதனால்தான் அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தில் ‘விலகினால் அலமாரி யாருக்கு’ என்ற வரியை விடாமல் எழுதச் சொன்னேன்.