பழைய காரின் ரெக்சின்: துடைத்தால் போதுமா, வண்ணம் பூச வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தையார் வாங்கிய 1984-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி எங்கள் வீட்டில் இருக்கிறது. டோர் பேட்கள் (கதவின் உட்புறத்தை மூடும் பலகைகள்), சன் வைசர்கள், பின்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டு ஆகிய எல்லாமே ஒரு காலத்தில் சந்தன நிறத்தில் இருந்தவை. இப்போது ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் கிடக்கின்றன. சீட் தைக்கும் கடையில், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஸ்பிரே அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். நன்றாகத் துடைத்தாலே போதும் என்கிறார் நண்பர். எதைச் செய்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஸ்பிரே அடிக்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் எல்லாப் பாகங்களையும் முறையாகச் சுத்தம் செய்துவிட்டு, அதன் பிறகும் எதற்கு வண்ணம் தேவைப்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு பாகங்கள்தான் மிஞ்சும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் ரெக்சினின் அமைப்பு. அடியில் துணி, அதன்மேல் பிவிசி என்ற பிளாஸ்டிக் படலம், அதன்மேல் மெல்லிய காப்புப் பூச்சு என்று அது அமைந்திருக்கிறது. நிறம் மேலே பூசப்பட்டதன்று. பிவிசி படலம் முழுவதிலும் கலந்திருப்பது. ஆகவே அது எளிதில் போய்விடுவதில்லை. கறுப்பாகத் தெரிவது, தோல்போன்ற வரிப்பள்ளங்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வியர்வையும் தலையெண்ணெயும் தூசியும், அவ்வப்போது தடவிய பாலிஷும் கெட்டிப்பட்டு நிற்கும் அழுக்குதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆர்ம்ரெஸ்டுக்கு அடியில் கண்ணுக்குப் படாத இடத்தில், இரண்டு சொட்டு கார் ஷாம்பு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் மெதுவாகத் தேயுங்கள். துணியில் சாம்பல் அல்லது காப்பி நிறம் வந்தால் அது அழுக்கு. ரெக்சினின் நிறமே வந்தால், யாரோ முன்பே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் அல்லது மேற்பரப்பு சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது அதற்கு மேல் தேய்க்க வேண்டாம். அடுத்து, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றுங்கள். அதன் பின்னால் வட்டமாக ஓர் இடம் வெயிலும் கையும் படாமல் இருந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் அதுதான். துடைத்த பகுதி அதற்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது நீரைக் குறைவாகப் பயன்படுத்துவது மிக முக்கியம். பத்மினியின் டோர் பேடுக்குள் இருப்பது ஹார்டுபோர்டு என்ற மரநார் அட்டை. ஈரம் இறங்கினால் அது உப்பி வளைந்து, கிளிப் மாட்டும் துளைகளும் பிய்ந்துவிடும். ஷாம்பு நீரை நன்றாக நுரைக்கவைத்து, நுரையை மட்டும் மென்மையான பிரஷில் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் சிறு வட்டங்களாகத் தேய்த்து, அது காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ரெக்சினை அழுத்திப் பதித்த கோடுகளில் பழைய பல்துலக்கும் பிரஷ் நன்றாக வேலை செய்யும். ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடாது. இரண்டு மூன்று சுற்றுகள் ஆகும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் ஆகியவற்றை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். அவை அழுக்கை உடனே எடுப்பது உண்மைதான். ஆனால் ரெக்சினை வளையும் தன்மையோடு வைத்திருக்கும் சேர்மப் பொருளையும் சேர்த்து உறிஞ்சிவிடுவதால், அது நாளடைவில் விறைத்து வெடித்துவிடும். அழிப்பான்போல் விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் வேண்டாம். அது உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள், காப்புப் பூச்சைச் சுரண்டிவிடும்.

ஒரு நாள் முழுவதும் காயவிட்ட பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஈரமாக இருக்கும்போது எல்லாமே அழகாகத் தெரியும். டோர் பேட்கள் அநேகமாக முழுமையாகத் தேறிவிடும் என்பது என் எதிர்பார்ப்பு. சன் வைசர்களின் முன்கண்ணாடியை நோக்கிய பக்கம் சற்று வெளுத்திருக்கலாம். அது கண்ணை உறுத்தாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் பின்தட்டு, நாற்பதாண்டு வெயிலைக் கண்ணாடி வழியே நேராக வாங்கியது. எவ்வளவு துடைத்தாலும் சுண்ணாம்பு பூத்ததுபோலவே இருந்தால் அதற்கு மட்டும் வண்ணம் பூசுங்கள்.

அந்த வண்ணத்தை எதனோடு பொருத்துவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கைப்பிடிக்குப் பின்னால் கண்ட புது நிறத்தோடு பொருத்தினால், பூசிய பாகம் மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியதுபோல் தனித்துத் தெரியும். சுத்தம் செய்து முடித்த பக்கத்துப் பாகம் இன்று எந்த நிறத்தில் இருக்கிறதோ, அதனோடுதான் பொருத்த வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயின்ட், வினைலுக்கென்றே (பிவிசிக்கு இன்னொரு பெயர்) தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதிலுள்ள கரைப்பான் பிவிசியின் மேற்பரப்பைச் சற்றே இளக்கிப் பிடித்துக்கொள்ளும். அதிலுள்ள பிசினும் வளைந்து கொடுக்கும். எனாமலோ, பாடிக்கு அடிக்கும் பெயின்டோ காய்ந்து விறைத்து, சிறிது நாளில் செதில் செதிலாக உரியும். பனிபோல் மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அடுத்ததை அடியுங்கள். ஒரே மூச்சில் கனமாக அடித்தால் வரிப்பள்ளங்கள் நிரம்பி, ரெக்சின் பிளாஸ்டிக் தகடுபோல் ஆகிவிடும். காற்றில் ஈரம் மிகுந்த மழை நாளில் அடித்தால் வெண்மை பூக்கும். தட்டைக் கழற்றித் திறந்தவெளியில் வைத்து, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகக்கவசம் அணிந்து அடியுங்கள், துணிக்கவசம் பயன்படாது. கெட்டியாக்கி கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயின்டுகளில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. அவற்றை வீட்டில் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆர்ம்ரெஸ்ட், சீட்டின் ஓரம்போல அன்றாடம் கையும் உடலும் உராயும் இடங்களில் பூச்சு முதலில் தேய்ந்து திட்டுத்திட்டாகும். பிறகு மீண்டும் மீண்டும் பூசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதோடு, பூசிய பின் பழைய பரப்பைத் திரும்பப் பெற வழியில்லை. மும்பை குர்லா ஆலையில் பத்மினி உற்பத்தி நின்று இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. புது ரெக்சின் ஒட்டலாம் என்றாலும், அந்தப் பதித்த கோடுகளும் வரிகளும் அப்படியே அமைவது அரிது. உங்களிடம் இருப்பது தந்தையார் வாங்கிய அன்றைய அசல். அதைக் காப்பாற்ற முடிந்தவரை காப்பாற்றுங்கள்.

கேள்வி: என் அம்பாசடரின் வெளிர்நிற முன்சீட்டில் ஜீன்ஸின் நீலம் ஏறியிருக்கிறது. பின்சீட்டில் இளஞ்சிவப்புத் திட்டுகள். எந்தச் சோப்புக்கும் போகவில்லை. பெயின்ட் அடித்து மறைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் மேலே படிந்த அழுக்கல்ல, பிவிசிக்குள் இறங்கிவிட்ட சாயங்கள். ஜீன்ஸின் நீலம் புதிதாக இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (எளிதில் ஆவியாகும் ஒரு சுத்திகரிப்புத் திரவம்) நனைத்த துணிக்குக் கொஞ்சம் இறங்கி வரும், பழையது வராது. இளஞ்சிவப்பு, ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் வெளியிடும் நிறமி. அவை அடித்துணியிலும் ஸ்பாஞ்சிலும் இருப்பதால், மேலே கழுவிப் பயனில்லை.

நீலத்துக்கு ஒரு மூலையில் பூசிச் சோதித்துப் பார்க்கலாம். இளஞ்சிவப்புக்குப் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயின்டின் கரைப்பான் அந்த நிறமியையும் இழுத்துக்கொண்டு மேலே வரக்கூடும். அம்பாசடர் சீட் துண்டு துண்டாகத் தைக்கப்பட்டது என்பதால், கறைபட்ட துண்டை மட்டும் பிரித்து, ஈரமான ஸ்பாஞ்சை மாற்றி, நெருங்கிய ரெக்சினைத் தைத்துவிடச் சொல்லுங்கள். அதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்; பின்கண்ணாடி ரப்பரில் கசிவு இருந்தால் புதுத் துண்டும் சிவக்கும்.

கேள்வி: மெர்சிடீஸ் டபிள்யூ123 மாடல் கார் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாட்டர் சர்வீஸிலும் டாஷ்போர்டுக்குப் பளபளப்புத் திரவம் தடவினார்கள். இப்போது பிசுபிசுக்கிறது, முன்கண்ணாடியின் உட்புறத்திலும் புகைபோல் படிகிறது. கறுப்பு அடித்துவிடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: இப்போது அடித்தால் நிச்சயம் கெடும். அத்தகைய திரவங்கள் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் பரவாமல், மீன்கண்போல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். கண்ணாடியில் படிவது, வெயிலில் அந்தத் திரவமும் வினைலின் சேர்மப் பொருளும் ஆவியாகி ஒட்டிக்கொள்வது.

ஷாம்பு நுரையால் சில முறை துடைத்து, பிறகு துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, ஒவ்வொரு முறையும் அதன் புதுப் பக்கத்தால் துடையுங்கள். பின்பு சில சொட்டு நீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாக உருண்டு நின்றால் சிலிக்கோன் இன்னும் இருக்கிறது. தட்டையாகப் பரவினால் போய்விட்டது. அந்த நிலையில் பிசுபிசுப்பு நீங்கி, மங்கலான அசல் கறுப்பு தெரிவதைக் காண்பீர்கள். பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. டாஷ்போர்டு மங்கலாக இருப்பதே சரி. பளபளத்தால் முன்கண்ணாடியில் பிரதிபலித்துச் சாலையை மறைக்கும்.

இந்த மாடலில் டாஷ்போர்டு மேற்பரப்பு வெடிப்பது வழக்கம். வெடிப்பு இருந்தால் பெயின்ட் அதை மறைக்காது. விளிம்புகளை இன்னும் எடுப்பாகக் காட்டும். முதலில் வளையும் நிரப்பியால் அடைத்துத் தேய்த்த பிறகே பூசலாம். வெடிப்புகள் பல என்றால், டாஷ்போர்டைக் கழற்றி முழுவதுமாகப் புது மேலுறை போடுவதுதான் வழி.