வன்முறை செய்யும் காதலன் வரும் நாவல்களைப் பெண்ணியவாதிகள் ரசிக்கலாமா?

நான் ரசித்திருக்கிறேன், 17 வயதில். ஸ்டெஃபனி மேயரின் 'எக்ளிப்ஸ்' (2007) நாவலில் பெல்லா தன் நண்பனைப் பார்க்கப் புறப்படுவாள். டிரக் கிளம்பாது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கையில் அவள் காதலன் எட்வர்ட். அவள் போகக் கூடாது என்று என்ஜினில் ஒரு பாகத்தைக் கழற்றியவன் அவன்தான். அவளுடைய பாதுகாப்புக்காக என்று காரணம். வீட்டுக்குள் போய்க் கோபத்தில், இரவில் அவன் வரும் அறை ஜன்னலைச் சாத்துகிறாள். சற்று நேரத்தில் அவளே அதைத் திறந்தும் வைக்கிறாள். அந்த ஜன்னல் திறந்தபோது நான் உருகிப்போனேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோது என் கண் அந்த டிரக்கை விட்டு நகரவில்லை. அவள் எங்கே போகலாம் என்பதை அவன் முடிவு செய்கிறான், கதை அதைக் காதலின் கணக்கில் வரவு வைக்கிறது.

வன்முறையை எழுதவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடி விழுந்த அடுத்த வரியில் கதை யார் பக்கத்தில் போய் உட்காருகிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) நாவலில் சூடான பாத்திரத்தைத் தொட்டு ரைல் கையைச் சுட்டுக்கொள்கிறான். அவன் காதலி லில்லி சிரித்துவிடுகிறாள். அவன் தள்ளிய வேகத்தில் அவள் விழுந்து அடிபடுகிறாள். உடனே மன்னிப்பு, பதற்றம், கெஞ்சல். கதையை லில்லியே சொல்வதால், 'வலியில் தெரியாமல் செய்துவிட்டான்' என்று நாமும் அவளோடு சேர்ந்து சமாதானம் தேடுகிறோம். 'அப்போதே விட்டுப் போயிருக்கலாமே' என்று வெளியே நின்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. தன் தாயின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை என்று ஹூவர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை.

ஆனாலும் எனக்கு ஆறாத இடங்கள் உண்டு. 6 வயதில் ரைலின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து அவன் அண்ணன் இறந்துபோன கதை வந்ததும், லில்லிக்கு உரிய கண்ணீர் அவன் பக்கம் திரும்புகிறது. கடைசியில் மகள் பிறந்த பிறகு, 'இவளை ஒருவன் அடித்தால் இவளிடம் என்ன சொல்வாய்?' என்று கேட்டு அவனைப் பிரிகிறாள். அந்தப் பக்கத்தில் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அவள் மேல் விழுந்த அடி அவளுக்கே போதாதா? அவள் வலிக்கு மதிப்பு வர ஒரு குழந்தை பிறக்க வேண்டுமா? போதாக்குறைக்கு அட்லஸ் என்ற நல்லவன் வேறு காத்திருக்கிறான்.

மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'வென் ஐ ஹிட் யூ' (2017) நாவலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கதை சொல்பவள் எழுத்தாளர். கணவன் கல்லூரி ஆசிரியன், வாயைத் திறந்தால் புரட்சி. அவள் ஃபேஸ்புக்கை விட்டு விலக வேண்டும் என்பதற்காகத் தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையிலேயே சுட்டுக்கொள்கிறான். அவள் மேல் ஒரு விரல் படவில்லை, கணக்கு மூடப்படுகிறது. பின்னால் வரும் அடியும் வல்லுறவும் இந்தத் தீக்குச்சியிலேயே தொடங்கிவிட்டன. சமூகவியலாளர் எவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூல் இப்படிப் போக்குவரத்தையும் தொடர்புகளையும் ஒவ்வொன்றாக அடைக்கும் கட்டுப்பாட்டைத்தான் குடும்ப வன்முறையின் மையம் என்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பெல்லாவின் டிரக்கை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

கந்தசாமியின் நாவல் தப்பித்தலுக்குப் பிந்திய காலத்தில்தான் தொடங்குகிறது. ஓடி வந்த மகளின் பாதங்கள் எப்படி வெடித்துக் கிடந்தன, தலையில் எத்தனை பேன் என்று அம்மா கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதை அம்மாவின் கதையாகவே ஆகிவிடும் போலிருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மகள் எழுத உட்காருகிறாள். அவள் கையில் குழந்தை இல்லை, வாசலில் யாரும் காத்திருக்கவும் இல்லை.