ஐந்து நாள் எலிக்குட்டியின் தட்டைக் கோடு

வணக்கம். பிறந்து ஐந்து நாளான எலிக்குட்டியின் உணர்புறணியில் (தொடுவுணர்வைப் பெறும் மூளையின் மேற்பரப்புப் பகுதி) மின்முனை வைத்துப் பதிவு செய்கிறோம். பெரும்பாலும் கோடு தட்டையாக ஓடுகிறது. இடையிடையே ஒரு குலுக்கல், மறுபடி அமைதி. வளர்ந்த எலியில் இதே கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. மின்முனை பழுதா, குட்டிக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?
ர.

அன்புள்ள ர.,

இரண்டும் இல்லை. அந்த வயதில் புறணி அப்படித்தான். நீங்கள் போகிற போக்கில் ‘குலுக்கல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான். பெரிதாக்கிப் பாருங்கள்: ஒன்றிரண்டு வினாடி நீளம், 5 முதல் 25 ஹெர்ட்ஸ், நடுவில் பருத்து இரு பக்கமும் ஒடுங்கும், நூல் சுற்றிய கதிர் மாதிரி. ஸ்பிண்டில் பர்ஸ்ட் என்பது அதன் பெயர்; இங்கே சுருக்கமாகக் ‘கதிர்’ என்கிறேன்.

அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பதிவோடு ஒரு கேமராவையும் ஓட்டி, நேரத்தைப் பொருத்துங்கள். தூங்கும் குட்டியின் முன்னங்கால் வெடுக்கென்று துடிக்கும். அதன் பிறகுதான் முன்னங்காலுக்கான இடத்தில் கதிர் எழும். புறணி காலை ஆட்டவில்லை. கால் ஆடிய சேதி புறணிக்குப் போகிறது. நரம்பியல் ஆய்வாளர் ரஸ்டெம் காஸிபோவின் குழு 2004-இல் காட்டியது இதைத்தான். தண்டுவடத்தை வெட்டிச் சேதியை மறித்தபோது கதிர்கள் குறைந்தன, ஆனால் அடியோடு நிற்கவில்லை. பாதி வேலையைப் புறணியும், உடலின் சேதிகளைப் புறணிக்குக் கடத்தும் மூளைப் பகுதியான தாலமஸும் தாங்களாகவே செய்கின்றன என்று கொள்ளலாம்.

துடிப்பு நடக்கும் அதே கணத்தில் எல்லாச் சேனலிலும் ஒரே உருவம் வந்தால் அது கதிர் அல்ல, குட்டி அசைந்ததில் மின்முனைக் கம்பி ஆடியது.

உண்மையிலேயே எதுவும் வராவிட்டால் முதலில் மயக்க மருந்தைப் பாருங்கள். ஐசோஃப்ளூரேன் இந்த வயதின் கதிர்களை நன்றாகவே அமுக்கிவிடும். அறுவையோடு அதை நிறுத்தி, குட்டி தெளிய நேரம் கொடுங்கள். அடுத்தது சூடு. குட்டியால் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. 35 டிகிரி அளவில் வைத்திருங்கள். ஃபில்டரின் கீழ் எல்லையை 1 ஹெர்ட்ஸுக்கு மேல் வைத்தால், கதிர்களோடு சேர்ந்து வரும் மெதுவான அலை காணாமல் போகும். மீசை முடியைத் தட்டிச் சோதிப்பதானால் தட்டுகளுக்கிடையே பத்து வினாடிக்குக் குறையாமல் விடுங்கள். வளர்ந்த எலிக்குத் தட்டுவது போல வினாடிக்கொன்று தட்டினால் இளம் புறணி சீக்கிரமே பதில் தருவதை நிறுத்திவிடும். பலர் மின்முனையை மாற்றத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பன்னிரண்டாம் நாளை ஒட்டித் தட்டை இடைவெளிகள் போய், கோடு ஓயாமல் ஆடத் தொடங்கும். பார்வைப் புறணியிலும் இந்த மாற்றம் கண் திறப்பதற்குச் சற்று முன்னரே நடந்துவிடுகிறது. ஆகவே வெளிச்சம் வந்து மாற்றியது என்று எழுதிவிடாதீர்கள்.

பிறந்த நாளை வைத்து வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. உங்கள் குட்டிக்கு நிகர், நிறைமாதக் குழந்தை அல்ல, குறைமாதக் குழந்தை. கருவுற்ற 28-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தையின் ஈஈஜியிலும் (தலைமேல் வைத்து எடுக்கும் மூளை மின்பதிவு) இதே தட்டை இடைவெளிகள் உண்டு. கதிருக்குப் பதில் டெல்டா பிரஷ், அதாவது மெதுவான அலையின் மேல் ஏறிய 8 முதல் 20 ஹெர்ட்ஸ் நெளிவு. நிறைமாதம் நெருங்க நெருங்க அது மறைந்துவிடும். கருவின் வாரக் கணக்கைக் கேட்காமல் அந்த இடைவெளிகளைப் பாதிப்பு என்று படிப்பது தவறு.

பதினைந்தாம் நாளிலும் உங்கள் குட்டியின் கோடு தட்டையாகவே ஓடினால் எழுதுங்கள். அப்போது மின்முனையைச் சந்தேகிப்போம்.