மிக்ஸி வந்த வீட்டில் கிரைண்டர்: இ-ரீடர் பற்றிச் சில கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் இந்த முறை புத்தகம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. 'புத்தகம் படிக்க மட்டுமே உள்ள இ-ரீடர் வாங்கலாமா, டேப்லெட் போதுமா' என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்ததால், பத்துப் பன்னிரண்டு வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்து வரும் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். சீட்டில் எழுதித் தந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

வங்கி ஊழியர்: டேப்லெட்டில் புத்தகம், சினிமா, வங்கிக் கணக்கு எல்லாமே பார்க்கலாம். புத்தகத்தை மட்டும் காட்டும் கருவிக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் சார்?

2010-இல் ஐபேட் வந்தபோதும் இதே கேள்விதான் சார். கேட்டதில் நியாயம் இருந்தது. 2007 நவம்பரில் 399 டாலருக்கு வந்த அமேசானின் முதல் இ-ரீடர், கிண்டில், ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. அந்த வேகம் நிலைக்கவில்லை. 2004-லேயே ஜப்பானில், காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரையோடு ஒரு கருவியை விற்ற சோனி, பத்தே வருடத்தில் இந்தத் தொழிலை விட்டுப் போய்விட்டது. சீனாவில் கிண்டில் மின்னூல் கடையை அமேசான் 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடியது. டேப்லெட்டும் பெரிய திரை போனும் இதன் சந்தையைக் கடித்துத் தின்றது உண்மை.

ஆனால் மிக்ஸி வந்தபோதும் கிரைண்டர் போய்விடும் என்றுதான் நினைத்தோம். சட்னி, மசாலா, ஜூஸ் எல்லாம் மிக்ஸிக்குப் போயின. இட்லி மாவு போகவில்லை. மிக்ஸியில் மாவு அரைக்க முடியாதா என்றால் முடியும். சூடேறிவிடும், இட்லி கொஞ்சம் கல்லாக வரும். எப்போதாவது இட்லி சுடும் வீட்டுக்கு அது போதும். வாரம் தவறாமல் மாவாட்டும் வீட்டில் கிரைண்டரைத் தூக்கிப் போட மாட்டார்கள். இ-ரீடர் இனி எல்லார் கையிலும் இருக்கப் போவதில்லை. மாதம் இரண்டு மூன்று புத்தகம் முடிப்பவர் கையில் இருக்கும்.

இன்னொரு சங்கதி. பெரும்பாலான இ-ரீடர்களுக்குத் திரை கொடுப்பது தைவானின் இ இங்க் நிறுவனம். அது வாசகர்களை மட்டும் நம்பிக் கடை நடத்தவில்லை. வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் விலையைக் காட்டும் சின்ன மின் அட்டைகளும் அதே திரைதான். வெங்காய விலை ஏறி இறங்கும் வரை நமக்கும் திரை கிடைக்கும்!

ஓய்வுபெற்ற ஆசிரியை: கண்புரை ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் ஆகிறது. இதில் படித்தால் கண்ணுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா தம்பி?

நல்லது என்று சொல்ல மாட்டேன் டீச்சர், தொந்தரவு குறைவு என்பேன். எப்போது படிக்கலாம், எவ்வளவு நேரம் படிக்கலாம் என்பதை உங்கள் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வித்தியாசம் திரையில் இருக்கிறது. டேப்லெட்டின் ஒளி திரையிலிருந்தே கண்ணுக்கு வருகிறது. இ-இங்க் திரையில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகள், கருப்புத் துகள். மின்சாரம் தட்டினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். அப்புறம் மின்சாரமே வேண்டாம், எழுத்து அப்படியே நிற்கும். அறை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் படிக்கிறோம், காகிதத்தைப் போலவே. இருட்டில் படிக்க ஓரத்திலிருந்து ஒரு விளக்கு திரைமேல் பரவும், அதையும் குறைத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தும் படிக்கலாம். டேப்லெட்டில் அங்கே உங்கள் முகம்தான் தெரியும்.

உங்களுக்கு முக்கியமாக வேண்டியது பெரிய எழுத்து. அதை இரண்டுமே தரும். ஆனால் ஆறு அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் பத்து வரிகூடத் தெரியாது, பக்கம் தள்ளித் தள்ளி விரல் ஓய்ந்துவிடும். ஏழு அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி: எனக்கு எல்லாம் பிடிஎஃப் நோட்ஸ்தான் அண்ணா.

டேப்லெட் வாங்கும்மா. யோசிக்கவே வேண்டாம். ஏ4 அளவில் இருக்கும் பிடிஎஃப்பை ஆறு அங்குலத்தில் சுருக்கினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். வரைபடம், கலர் கோடு, பக்கம் தாவித் தேடுவது எதற்கும் இ-இங்க் ஈடுகொடுக்காது. பேனாவால் எழுதும் பத்து அங்குல இ-இங்க் கருவிகள் உண்டு. 2022-இல் வந்த கிண்டில் ஸ்கிரைப் அந்த வகை. நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அந்தக் காசுக்கு நல்ல டேப்லெட்டே கிடைக்கும். போன் நோட்டிஃபிகேஷனை மட்டும் அதில் வர விடாதே.

சிறுவர் பத்திரிகைக்குப் படம் வரைபவர்: கலர் இ-ரீடர் வந்துவிட்டதே, இனி டேப்லெட் எதற்கு?

கிண்டிலுக்குப் போட்டியான கோபோ 2024 ஏப்ரலில் கலர் கொண்டுவந்தது, கிண்டிலில் அதே வருடக் கடைசியில் வந்தது. கருப்பு வெள்ளைத் திரைமேல் வண்ண வடிகட்டி ஒன்றை ஒட்டுவதுதான் இதன் வழி. அதனால் எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் வண்ணம் 150 புள்ளிதான். பின்னணியும் கொஞ்சம் மங்கும். பழைய தீபாவளி மலரைப் பத்து வருடம் கழித்துப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தது போல இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் தொழிலே வண்ணமாக இருக்கும் உங்களுக்குப் பிடிக்காது.

தட்டச்சு நிலையம் நடத்தியவர்: தமிழ்ப் புத்தகம் இதில் ஒழுங்காகத் தெரியுமா? ஒருமுறை என் மகன் காட்டினான், எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது.

மகன் வைத்திருந்தது பழைய கருவியாக இருக்கும், அல்லது கோப்பு எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடு முறையில் இருந்திருக்காது ஐயா. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததைத் திறந்தால் கட்டமோ ஆங்கில எழுத்துக் குப்பையோதான் வரும். 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனப் பிய்ந்து தெரிந்த காலமும் இருந்தது. இப்போது அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கிண்டில் கடையில் தமிழ் மின்னூல்கள் 2016 டிசம்பரிலிருந்து இருக்கின்றன.

காசு கொடுக்காமலும் நிறையப் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையான ஆசிரியர்கள் வரை கிடைக்கும். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில், திரைக்கு ஏற்ப வரிகள் மடங்கும் இபப் என்ற மின்னூல் கோப்பும், ஆறு அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப்பும் இருக்கும். ஈழத்து நூல்கள் வேண்டுமென்றால் நூலகம் தளம். ஆனால் அதில் பெரும்பாலானவை பக்கங்களை ஸ்கேன் செய்தவை. அவற்றை டேப்லெட்டில் பார்ப்பதே மேல். நம் பழைய புத்தகங்களில் பெரும்பகுதி இன்னும் படமாகத்தான் கிடக்கிறது, எழுத்தாக மாறவில்லை. தமிழ் வாசகருக்கு டேப்லெட் தேவைப்படுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். தட்டச்சும் மெய்ப்பும் தெரிந்த உங்களைப் போன்றவர்கள் இறங்கினால் இ-ரீடருக்குக் கொஞ்சம் உயிர் கூடும்.

வழக்கறிஞர்: வாங்கிய மின்னூல் என் சொத்தா?

சட்டம் உங்களுக்குத்தான் தெரியும், நடந்ததை நான் சொல்கிறேன். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டிலுக்குள் இருந்தே அமேசான் அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். போயும் போயும் ஆர்வெல் புத்தகத்தையா அழிப்பார்கள் என்று ஊரே சிரித்தது. 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியும் போய்விட்டது.

என்னைக் கேட்டால் இ-ரீடருக்கு டேப்லெட்டை விடப் பெரிய எதிரி, கடைக்காரர் மின்னூலுக்குப் போடும் இந்தப் பூட்டுதான். திரை நன்றாக இருக்கிறது, சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. ஆனால் ஒரே கடைக்காரரிடம்தான் வாங்க வேண்டும், அவர் எப்போது சாவியை மாற்றினாலும் கேட்க முடியாது என்றால் வாசகன் சலித்துப் போவான். நான் பூட்டில்லாத இபப் கோப்புகளைத் தேடி வாங்குகிறேன். 2006-இல் கோவித் கோயல் தொடங்கிய காலிபர் என்ற இலவச மென்பொருளில் அவற்றை அடுக்கி வைக்கிறேன். எந்தக் கருவி போனாலும் புத்தகம் வீட்டில் இருக்கும்.

கல்லூரி மாணவர்: பழைய இ-ரீடர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

திரையை ஓரம் ஓரமாகப் பார். ஒரு கோடு தெரிந்தாலும் வேண்டாம். பெரும்பாலான திரைகளின் அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கும். என் முதல் கருவியைப் பையில் வைத்து, பேருந்தில் அந்தப் பையையே தலைக்கு வைத்துத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் பாதிப் பக்கம் கருப்பு. கடைக்காரர் திரை மாற்றச் சொன்ன விலைக்குப் புதிதே வாங்கியிருக்கலாம். பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாதே. வாரம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டியிருந்தாலும் ஓட்டிவிடலாம்.

ஆசிரியை மறுபடியும்: சரி தம்பி, நீங்கள் எதில் படிக்கிறீர்கள்?

காலையில் செய்தித்தாளும் ஸ்கேன் செய்த பழைய பத்திரிகைகளும் டேப்லெட்டில். ராத்திரி நாவல் இ-ரீடரில். போன மாதம் டேப்லெட்டிலேயே ஒரு நாவலைத் தொடங்கினேன் டீச்சர். இன்னும் நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறேன், ஆனால் அதற்குள் கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் மனப்பாடம்.