பாட்டை எடுத்தால் கதை நிற்குமா?

கேள்வி: நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயின் பழைய இசை நாடகங்களில் சில பாட்டுகள் கதையை இழுத்துப் போகின்றன, சில கதையை ஓரங்கட்டிவிடுகின்றன. எது எந்த வகை என்று எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: பாட்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வரும் வசனத்தையும் பின்னால் வருவதையும் ஒட்டிப் படியுங்கள். ஒட்டுத் தெரியாவிட்டால் பாட்டு கதைக்கு வேண்டியதில்லை. 'ஷோ போட்' (1927) நாடகத்தில் ஜூலியை வெள்ளைக்காரி என்றே எல்லோரும் நம்புகிறார்கள். அவள் 'கான்ட் ஹெல்ப் லவ்வின் தட் மேன்' பாடியதும் கறுப்பினச் சமையல்காரி குவீனிக்கு வியப்பு: எங்கள் ஜனங்கள் மட்டுமே பாடுகிற பாட்டாயிற்றே, இவளுக்கு எப்படித் தெரியும்? ஜூலியின் கலப்புப் பிறப்பு பின்னால் அம்பலமாவதற்கு முதல் துப்பு அதுதான். அதைத் தூக்கினால் கதையில் ஓட்டை விழும்.

'எனிதிங் கோஸ்' (1934) நேரெதிர். 1962-இல் அதை மறுபடி மேடையேற்றியபோது அதன் இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் மற்ற நாடகங்களிலிருந்து 'இட்ஸ் டி-லவ்லி' (1936), 'ஃப்ரெண்ட்ஷிப்' (1939) முதலிய பாட்டுகளை எடுத்துச் செருகினார்கள். கதை குழம்பவே இல்லை!

கேள்வி: கதைக்கு உதவாத பாட்டை ஏன் வைக்க வேண்டும்?

பதில்: பல நேரம் காரணம் செட். மேடையின் முன்பக்கம் ஒரு திரையை இறக்கி, அதன்முன் ஓரிருவரைப் பாடவிட்டு, பின்னால் சத்தமில்லாமல் செட்டை மாற்றுவார்கள். 'கிஸ் மீ, கேட்' (1948) முடியும் தறுவாயில் இரண்டு ரவுடிகள் ஷேக்ஸ்பியரை வைத்துப் பாடுவதும் திரைக்கு முன்னால்தான். கதை ஓர் அங்குலம் நகராது. ஆனால் அதை வெட்டச் சொல்பவருக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்பேன்.

கேள்வி: 'ஓக்லஹோமா!' (1943) வந்தபின் எல்லாம் மாறியதாகச் சொல்கிறார்களே?

பதில்: எல்லாமும் இல்லை; மேலே சொன்ன ரவுடிகள் ஐந்து வருஷம் கழித்து வந்தவர்கள். ஆனால் காதல் பாட்டை அதில் கையாண்ட விதம் கவனிக்கத் தக்கது. முதல் அங்கத்திலேயே காதலைச் சொல்லிவிட்டால் மீதிக் கதைக்கு என்ன வேலை? அதனால் நாயகன் கர்லியும் நாயகி லாரியும் 'ஊர் தப்பாக நினைக்கும், அப்படி நடக்காதே' என்று ஒருவரையொருவர் எச்சரித்துப் பாடுகிறார்கள். இரண்டாம் அங்கத்தில் கல்யாணம் முடிவான பிறகு அதே மெட்டு திரும்புகிறது. இப்போது 'ஊர் சொன்னால் சொல்லட்டும்'. இரண்டுக்கும் நடுவே நடந்தது முழுவதும் அந்த ஒரு வரி மாற்றத்தில் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் மேடையேற்றப்போகும் இசை நாடகம் நீளமாக இருக்கிறது. எந்தப் பாட்டைக் குறைக்கலாம்?

பதில்: முதலில் நாடகத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பின்னால் திரும்பி வரும் மெட்டின் முதல் வடிவத்தை வெட்டாதீர்கள். திரும்பும்போது யாருக்கும் நினைவு வராது. பாட்டு ஓடும் நேரத்தில் திரைக்குப் பின்னால் யார் உடை மாற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டை எடுத்துவிட்டு, கதாநாயகி வரும்வரை மூன்று நிமிடம் வெறும் மேடையைக் காட்ட முடியாது.