தூய திரவத்தில் நிலையாக நிற்கும் வெப்பச்சலன உருளைகள் கலவையில் மட்டும் ஏன் நகர்கின்றன?

கலவைக்கு எடுத்துக்காட்டாக, எத்தனால் குறைவாகக் கலந்த நீரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கிடைத்தகடுகளுக்கு இடையே தூய திரவத்தை அடைத்துக் கீழிருந்து சூடாக்கினால், ரேலே எண் (திரவத்தைப் புரட்டும் வெப்ப மிதப்பு, அதைத் தடுக்கும் பாகுமையையும் வெப்பப் பரவலையும் ஒப்பிட எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 1708ஐத் தாண்டியதும் அது உருளைகளாகச் சுழலத் தொடங்கும். அவை தோன்றிய இடத்திலேயே நிற்கும்.

கலவையில் வெப்பநிலை வேறுபாடே செறிவு வேறுபாட்டையும் உண்டாக்குகிறது. லுட்விக் 1856இலும் சொரே 1879இலும் கண்டறிந்த இவ்விளைவால், இக்கலவையில் எத்தனால் குளிர்ந்த மேற்பக்கம் நகர, கனமான நீர் கீழே சற்று மிகுகிறது. ஆகவே வெப்பம் திரவத்தைப் புரட்ட முயலும்போது செறிவு அதைத் தடுத்து நிறுத்துகிறது.

இந்த விளைவு சிறியது என்று ஒதுக்கிவிடுவதே பல விளக்கங்களின் குறை என்று கருதுகிறேன். முதன்மையானது அதன் அளவன்று, வேகம். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள படலத்தை வெப்பம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். செறிவு வேறுபாடு பரவிச் சமனாவதற்கோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மேலே தள்ளப்பட்ட ஒரு திரவத் துளி தன் சூட்டை விரைவில் இழந்துவிடுகிறது, ஆனால் தன் நீர்ச்செறிவை அப்படியே வைத்திருக்கிறது. எனவே சுற்றுப்புறத்தைவிடக் கனமாகி, புறப்பட்டபோது இருந்ததைவிட வலுவான விசையோடு கீழே திரும்பித் தன் பழைய இடத்தையும் கடந்து செல்கிறது. இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் வளரும் அலைவே உருளை வரிசை முழுவதையும் பக்கவாட்டில் நகரும் அலையாக்குகிறது.

சுழற்சி வலுத்ததும் அது கலவையைக் கலக்கி, தன்னைத் தடுத்த செறிவு வேறுபாட்டையே பெரும்பாலும் அழித்துவிடுகிறது. அதனால் அலை மெதுவாகிறது. போதுமான அளவு சூடாக்கினால் உருளைகளின் பக்கவாட்டு நகர்வு முழுவதும் நின்று, அவை இருந்த இடத்திலேயே சுழல்கின்றன. தொடக்க வரம்புக்குக் கீழே வெப்பத்தைக் குறைத்தாலும் ஓட்டம் உடனே அடங்குவதில்லை. இந்த இடைப்பட்ட நிலையில்தான், அசையாத திரவத்தின் நடுவே சில உருளைகள் மட்டும் ஒரு சிறு பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் தனித்த துடிப்புகள் தோன்றுகின்றன. இவற்றைக் காண விரும்புவோர் வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் செறிவு நிலைபெறும்வரை சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் செறிவு உருவாகும் முன்பே ஓட்டம் தொடங்கி, கலவை தூய திரவத்தைப் போலவே நடந்துகொள்ளும்.